மத்தியான முறை

அங்கிட்டுப் போகாதீக தம்பி. இப்பப் போகக் கூடாது. இப்பிடி வந்து வாகைமரத்து நெழல்ல உக்காருங்க. வரப்புல நடக்கணும், போட்டோ எடுக்கணும்னா தாராளமா எடுங்க, யாரு வேணாங்கிறா? பொழுது கொஞ்சம் சாயட்டும், நானே கூட்டிட்டுப் போறேன். உச்சி வேளையில அந்த வயப்பக்கம் எங்க ஊருக்காரங்க யாரும் போறதில்ல. பயமான்னு கேட்டா பயமில்ல. மரியாதைன்னு வச்சுக்கங்க. ஒருத்தன் சோறு திங்கிறப்பப் போயி முன்னால நின்னு பார்த்துக்கிட்டிருப்பமா? அது மாதிரிதான்.

எங்க ஊருத் திட்டத்தைப் பார்க்கத்தானே வந்திருக்கீக? தொண்டு நிறுவனத்து ரெஜினா மேடம் அனுப்பிச்சாகளா? அப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சேன். அந்தம்மா சொல்லி எம்புட்டோ பேரு வாராக. கண்மாய்த் தண்ணியப் பங்கு வைக்கிறது, மழைத்தண்ணியத் தேக்குறது, ஊருக்குப் பொதுவா வெதைக் கூடம் வச்சுக் கட்டிக்காக்கிறது, எல்லாம் நாங்களா உக்காந்து பேசிப் போட்ட திட்டம். மேலருந்து ஒருத்தன் வந்து இப்பிடிச் செய்யுன்னு சொல்லல. பாசன சங்கத்துக்கு நான்தான் தலைவரு. வீரபத்திரன்னு கேட்டா வாகையேந்தல்ல சின்னப்புள்ளையும் கைய நீட்டிக் காட்டும். பக்கத்து ஊர்ல எல்லாம் கண்மாய்த் தண்ணிக்கு மண்டை உடையுது, போலீஸ் வருது. இங்க ஒரு சத்தம் கேட்டிருக்கீகளா? அவனவன் முறை வந்தா அவனவன் திருப்பிக்கிடுவான். உசுரோட இருக்கவனும் சரி, இல்லாதவனும் சரி.

ஆமா, இல்லாதவனும்தான். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்தா தெரியுது பாருங்க, எங்க வயலுக்கு மேலாண்ட, ஒத்தைப் பனை நிக்கிற வய. அது இருளப்பன் வய. எனக்கு மாப்ள முறை. சொந்தத்துலயும் மாப்ள, பழக்கத்துலயும் மாப்ள. அவன் தண்ணி பாய்ச்சி முடிச்சாத்தான் அடுத்து எனக்கு. கண்மாய் நெறைஞ்சு கெடக்கிறப்ப முறை கெடையாது, வேணுங்கிறவன் திருப்பிக்கிட வேண்டியதுதான். தண்ணி பாதிக்குக் கீழ எறங்கிருச்சுன்னா முறை வச்சிருவோம். காலையில சின்னக்காளை, மத்தியானம் இருளப்பன், அவனுக்குப் பெறகு நான். மத்தியான முறைய எவனும் வாங்க மாட்டான் தம்பி. பாதித் தண்ணிய வெயில் குடிச்சிரும். தலை வெடிக்கும். இருளப்பன்தான் சிரிச்சிக்கிட்டே வாங்கிக்கிட்டான். ஏன்டா மாப்ளேன்னு கேட்டேன். மத்தியானம் வயக்காட்டுல ஒரு பய இருக்க மாட்டான், தண்ணி ஓடுற சத்தம் நல்லாக் கேட்கும்னான். கிறுக்குப் பய.

அவன் தண்ணி பாய்ச்சுறதே ஒரு அழகு. அவன் வயலுக்குத் தண்ணி நொழையிற வாயை, நாங்க வாமடைம்போம், அதை அடைச்சு மம்பட்டிப் பொறத்தால ரெண்டு தட்டுத் தட்டி வழவழன்னு பூசி விட்ருவான். சாணி மெழுகின தரை மாதிரி இருக்கும். அது மேல ஒரு பிடி கோரைப்புல்லை முறுக்கி, முடிச்சுப் போட்டு, நட்டுட்டுப் போவான். என் முறை முடிஞ்சிருச்சு, இனி உனக்குன்னு அர்த்தம். மத்தவங்க சும்மா ஒரு கொத்தைச் சொருகிட்டுப் போவாக. இவன் போடுற முடிச்சு தலை மேல கொண்டை வச்ச மாதிரி நிக்கும். அதைப் போட்டுட்டு ஒரு குரல் குடுப்பான், மாப்ளே தண்ணி வருதுன்னு. இங்க இந்த மரத்தடியில நான் தூக்குச்சட்டியக் கழுவிக்கிட்டிருப்பேன். அந்தக் குரல் வந்து கொஞ்ச நேரத்துல தண்ணி வந்து காலை நனைக்கும்.

வாமடையிலதான் செத்தான். கண்ணாடி விரியன். கோரை அறுக்கக் கைய விட்டிருக்கான், அதுக்குள்ள கெடந்திருக்கு. குரல் வரல, தண்ணி மட்டும் வரப்பு மீறி வந்துச்சு. என்னடான்னு போயிப் பார்த்தா வாய்க்கால்ல காலைப் போட்டுப் படுத்துக் கெடக்கான். உச்சி வெயில். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுக்கிட்டுப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. அதைப் பேச வேணாம் தம்பி.

புள்ளை இல்ல. பொண்டாட்டி மட்டும்தான். பஞ்சவர்ணம்னு பேரு, எனக்குத் தங்கச்சி முறை. இன்னைக்குக் காலையில நீங்க எறங்கின பஸ்ல ஏறிப் போச்சே ஒரு பொம்பளை, பச்சைச் சேலை, கையில பெரிய கட்டப்பை, பார்த்தீகளா? அவதான். கூடவே நின்னது அவ தம்பி. திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான், அக்காவக் கூட்டிட்டுப் போக வந்திருந்தான். காம்பைக் கழட்டிட்டு மம்பட்டியத் துணியில சுத்திப் பைக்குள்ள வச்சிருந்தா, கண்டக்டர் கூட என்னம்மா இதுன்னு கேட்டான். திருப்பூர்ல எதுக்கு மம்பட்டி? புருசன் ஞாபகமா இருக்கட்டும்னு எடுத்துக்கிட்டா போல. பாவம். போகட்டும், அங்கிட்டாவது நிம்மதியா இருக்கட்டும்.

எங்க விட்டேன்? ஆங், முறை.

அவன் செத்து முப்பது கழிஞ்சு சங்கம் கூடுச்சு. மத்தியான முறைய என்ன செய்யிறதுன்னு பேச்சு வந்துச்சு. ஆம்பளை இல்லாத வீடு. எங்க ஊர்ல பொம்பளைங்க நாத்து நடுவாக, களை எடுப்பாக, கதிர் அறுப்பாக. மடையில மட்டும் கை வைக்கக் கூடாது. வச்சா கண்மாய் வத்திரும்பாக. அதுலயும் தாலி எறங்கினவ வாய்க்காலைத் தாண்டுறதே ஆகாதும்பாக. நான் வச்ச வழக்கமில்ல தம்பி, எங்க அப்பன் பாட்டன் காலத்துலருந்து இருக்கு. பஞ்சவர்ணம் வந்து ஓரத்துல நின்னா. அவகிட்டச் சொன்னோம், வயலைக் குத்தகைக்கு விட்ரு தாயி, நெல்லு உன் வீட்டுக்கு வந்துரும்னு. விட மாட்டேன்னுட்டா. சரி, தண்ணி எப்பிடிப் பாய்ச்சுவன்னு கேட்டான் சின்னக்காளை. முந்திய இழுத்துச் சொருகிக்கிட்டுப் போயிட்டா. அப்ப அந்த முறையையும் சேர்த்து வீரபத்திரனே எடுத்துக்கட்டும், அடுத்த வய அவனோடதுதானேன்னு முடிவாச்சு. நான் கேட்கல. ஊரு குடுத்துச்சு.

மறு முறை வந்துச்சு. சாப்பிட்டுட்டு வெயில் தாழ வந்தேன். வந்து பார்க்கிறேன் தம்பி, இப்பச் சொல்றப்பவும் பாருங்க, கையில மயிரு நிக்குது. இருளப்பன் வயல்ல தண்ணி தளதளன்னு நிக்குது. ஒரு மூலையில கூட மேடு தெரியல, அம்புட்டுச் சமமாப் பாஞ்சிருக்கு. வாமடை அடைச்சிருக்கு. வழவழன்னு பூசியிருக்கு. அது மேல கோரைப்புல்லு. கொண்டை முடிச்சு. என் பங்குத் தண்ணி என் வாய்க்கால்ல வந்துக்கிட்டிருக்கு.

அப்பிடியே நின்னுட்டேன். சுத்து முத்தும் பார்க்கிறேன், ஒரு ஈ காக்கா இல்ல. பஞ்சவர்ணம் மட்டும் பனை மூட்டுல உக்காந்து காலைக் கழுவிக்கிட்டிருந்தா. முழங்கால் வரைக்கும் சேறு. புருசன் செத்த எடத்தைப் பார்க்க வந்திருப்பா, பாவம், புத்தி பேதலிச்சுத் திரியுதேன்னு நெனச்சேன். இங்க யாரும் வந்தாகளா தாயின்னு கேட்டேன். யாரும் வரலண்ணே, நான்தான் இருந்தேன்னா. நல்லாக் கேளுங்க தம்பி. வேற யாரும் வரலன்னு அவ வாயாலயே சொல்லிட்டா. அப்புறம் அது யாரு வேலை?

மூணு நாள் காய்ச்சல்ல கெடந்தேன். பூசாரி வந்து துன்னூறு போட்டான். காய்ச்சல் விட்டதும் மொத வேலையா சங்கத்தைக் கூட்டி, எனக்கு அந்த முறை வேணாம்னு சொல்லிட்டேன். இருளப்பன் எடுத்துக்கிடுறான், அவன் தண்ணிய நான் தொட மாட்டேன்னேன். சின்னக்காளை மொதல்ல சிரிச்சான். பெறகு அவனும் போயி முடிச்சைப் பார்த்தான். அதோட சிரிப்பு நின்னு போச்சு. அன்னையிலருந்து உச்சி வேளையில இந்தக் கரைப்பக்கம் எவனும் வாரதில்ல. ஆட்டுக்காரன் கூட ஆட்டை அங்கிட்டு மடக்கிக்கிடுவான்.

வர்ற தண்ணி ஒரு பொழுதும் தப்புனதில்ல. மழை தூறட்டும், கெரகணம் பிடிக்கட்டும், முறைன்னா முறை. நான் இந்த மரத்தடியில வந்து உக்காந்துக்கிடுவேன். அங்கிட்டுப் பார்க்க மாட்டேன். ஆனாக் கேட்கும். மம்பட்டி மண்ணுல எறங்குற சத்தம் தொப்பு தொப்புன்னு கேட்கும். ஒரு நாள் இருமல் கேட்டுச்சு. ஒரு நாள் தெரியாமப் பார்த்துட்டேன் தம்பி. கானல் ஓடிக்கிட்டிருக்கு, அதுக்குள்ள ஒரு உருவம் குனியுது, நிமிருது. என்னமோ சேலை முந்தி மாதிரி பறக்குது. அவன் தலையில கட்டியிருப்பானே துண்டு, அதுதான். சட்டுன்னு கண்ணை மூடிக்கிட்டேன். கண்ணை மூடுனா அழுகை வருது.

அந்தக் குரல் மட்டும் கேட்கிறதில்ல. மாப்ளே தண்ணி வருதுன்னு ஒரு சொல்லு. அது ஒண்ணுதான் இல்ல. செத்தவனுக்குக் கை இருக்கு, குரல் இல்ல போலன்னு நெனச்சுக்குவேன். நான்தான் பேசுவேன். தண்ணி வந்து காலை நனைச்சதும் அவன் வயலப் பார்த்து உக்காந்து, மகன் பேச்சைக் கேட்கிறதில்ல, வீட்ல இப்பிடி, மருமக அப்பிடின்னு எல்லாத்தையும் சொல்லுவேன். என் பொண்டாட்டிகிட்டக் கூட அம்புட்டுச் சொன்னதில்ல. மாப்ள செத்துட்டான்னு ஊரே சொல்லுது, எனக்கு ஒரு நாளும் அப்பிடித் தோணுனதில்ல தம்பி. தண்ணி வருதே. அவன் இல்லாம எப்பிடி வரும்?

வெயிலு உச்சிக்கு வந்துருச்சு. இந்நேரம் சின்னக்காளை அடைச்சிட்டுப் போயிருப்பான். இனிமேக் கேட்கும், காதைக் கொடுங்க. மம்பட்டிச் சத்தம் கேட்டா பயப்படாதீக.

ரெஜினா மேடம் வந்தது இருளப்பன் செத்த அடுத்த வருசம். ஊர்க் கூட்டத்துல அந்தம்மா ஒண்ணு சொன்னாக. உங்க ஊரை நீங்களே வரைங்க, எங்க என்ன இல்லைன்னு உங்களுக்கே தெரியும்னாக. பள்ளிக்கூடத்து மைதானத்துல கலர் கோலமாவு வாங்கிக் கொட்டி வரைஞ்சோம். ஊதாவுல கண்மாய், செவப்புல ரோடு, பச்சையில வய. வரப்பு வரப்பாப் பிரிச்சு, வாய்க்கா ஓட்டி, ஒவ்வொரு வயலும் ஒரு ஆளு நிக்கிற அளவுக்கு இருந்துச்சு தம்பி, பார்க்கக் கண்ணு கொள்ளல. ஆம்பளையெல்லாம் வரைஞ்சோம். பொம்பளைங்களைத் தனியா வேப்பமரத்தடியில உக்கார வச்சு வீட்டுத் தோட்டம், புகையில்லா அடுப்புன்னு பேசச் சொல்லியிருந்தோம். அது அவுகளுக்கு உள்ள விசயம்தானே.

வரைஞ்சு முடிச்சதும் மேடம் சொன்னாக, அவுகவுக வயல்ல அவுகவுக போயி நில்லுங்க, யாருக்கு என்ன வேணும்னு நின்ன எடத்துலருந்து சொல்லுங்கன்னாக. போயி நின்னோம். நான் என் வயல்ல நிக்கிறேன். அங்கிட்டுச் சின்னக்காளை நிக்கிறான். நடுவுல இருளப்பன் வய மட்டும் காலியாக் கெடக்கு. இது யாரோடது, வரலையான்னு மேடம் கேட்டாக. வரலன்னும் சொல்ல முடியாது, வந்திருக்கான்னும் சொல்ல முடியாது. அப்பப் பொம்பளைங்க கூட்டத்துலருந்து பஞ்சவர்ணம் எந்திரிச்சு நடந்து வந்தா. வாய்க்காலை மிதிச்சுக்கிட்டு, கண்மாய் மாவு காலெல்லாம் ஒட்ட, நேரா வந்து அந்த வயல்ல நின்னா.

நின்னு சொன்னா. இது என் வய. மத்தியான முறை என்னோடது. நான்தான் மடை திருப்புறேன். அந்த முறைய யாருக்கும் விட மாட்டேன்.

தம்பி, அது அவ குரலே இல்ல. அவ அம்புட்டுச் சத்தமாப் பேசி ஊர்ல எவனும் கேட்டதில்ல. கண்ணு ரெண்டும் செவந்து போயி, மூச்சு வாங்குது. நேரம் என்ன? நல்ல உச்சி. எனக்கு அப்பிடியே புரிஞ்சு போச்சு. நான்தான் மொதல்ல கையெடுத்துக் கும்பிட்டேன். மாப்ளே, இருளப்பா, வந்துட்டியாடான்னு கேட்டேன். எல்லாருக்கும் அப்பத்தான் ஒறச்சுச்சு. வரிசையாக் கும்பிட்டாக. பூசாரி துன்னூறுக்கு ஓடுனான்.

அவ என்னைப் பார்த்தா. அண்ணே, நான் பஞ்சவர்ணம்ண்ணேன்னா. ஆளு மேல எறங்குறது எதுவும் மொதல்ல தன் பேரைச் சொல்லாதுன்னு திரும்பி வந்த பூசாரி சொல்லிட்டான். நான் பஞ்சவர்ணம், நான்தான் தண்ணி பாய்ச்சுறேன்னு மறுபடியும் சொன்னா. சரிப்பா, உன் முறைய யாரும் தொட மாட்டோம், உன் பேருக்கே இருக்கட்டும், கோவிச்சுக்காதன்னு நான் கெஞ்சினேன். அழுதுட்டேன். ஊரே சாட்சியா அந்த முறை இருளப்பனுக்குத்தான்னு மைதானத்துல வச்சு முடிவு பண்ணுனோம். மேடம் மட்டும் என்னமோ சொல்ல வந்தாக. இது எங்க ஊரு விசயம், உங்களுக்குப் புரியாதும்மான்னுட்டேன்.

அவ சுத்தி நின்ன எல்லாரு மூஞ்சியையும் ஒவ்வொண்ணாப் பார்த்தா. பெறகு நான் கேட்டேன், மாப்ளே, திருப்திதானேன்னு. அவ மெதுவாச் சொன்னா. ஆமா மாப்ளே. நான் இருளப்பன்தான். என் முறைய விடாதீகன்னா. அந்த மாப்ளேங்கிற சொல்லு இருக்கே. அவன் சொல்ற மாதிரியே தம்பி. அப்பிடியே அவன் சொல்ற மாதிரியே. பூசாரி மூஞ்சியில தண்ணி அடிச்சதும் முந்தியில தொடைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டா. அவளுக்கு ஒண்ணும் ஞாபகம் இருந்திருக்காது.

நீங்க என்ன தம்பி ஒரு மாதிரியாப் பார்க்கிறீக? படிச்சவுக நம்ப மாட்டீக. நான் நம்பச் சொல்லல.

அதுக்குப் பெறகு திட்டம் நல்லாத்தான் நடந்துச்சு. மைதானத்துல நின்ன அம்புட்டுப் பேருக்கும் வெதைக் கூடத்துலருந்து வெதை, பண்ணைக் குட்டை, உரக்குழி, எல்லாம் கெடைச்சுச்சு. என் வயலுக்குள்ளயே ஒரு குட்டை வெட்டியிருக்கு, பெறகு காட்டுறேன். இருளப்பன் வயலுக்கு மட்டும் ஒண்ணும் கெடைக்கல. எப்பிடிக் குடுப்பாக? செத்தவனுக்கு வெதைக் கூடத்துல பங்கு உண்டா? செத்தவன் வந்து வாங்கிக்கிட்டுப் போவானா? அது நாயந்தானே. மேடம் என்னைத் தனியாக் கூப்பிட்டு, பஞ்சவர்ணம் பேருல குடுத்துரலாமே சார்னாக. அந்தம்மா நல்லவுகதான், ஆனா வெவரம் பத்தாது. அவ பேரைப் போட்டா இவன் மனசு என்ன பாடுபடும்? கோவிச்சுக்கிட்டு வாரதையே நிறுத்திட்டான்னா? நான் முடியாதுன்னுட்டேன். அவனுக்காகத்தான் தம்பி. எனக்கு அதுல என்ன லாபம்?

வெதை கெடைக்காட்டியும் அவன் வயல்ல வெளைஞ்சுச்சு. அதுதான் ஆச்சரியம். பஞ்சவர்ணம் கதிர் அறுத்து வெதை நெல்லைத் தனியா எடுத்து வச்சு மறுவருசம் போடுவா. இந்த வருசம்தான் வீடு ஒழுகி வெதை நெல்லு பூஞ்சை பூத்துப் போச்சு. சோத்துக்கு வச்சிருந்த நெல்லைப் போட்டுப் பார்த்திருக்கா. பாதிதான் மொளைச்சுச்சு. பாருங்க இங்கருந்தே, எடையில எடையில சொட்டை தெரியுதா? அவனுக்கும் சத்துக் கொறையுதோ என்னமோன்னு எனக்குக் கவலையா இருந்துச்சு.

போன வாரம் வீட்டுக்கு வந்தா. வாசப்படியில நின்னா, உள்ள வரல. அண்ணே, வெதைக் கூடத்து நாத்தங்கால்ல மிச்ச நாத்து கெடக்காமே, சொட்டைக்கு நட்டுக்கிடுறேன், குடுக்கச் சொல்லுங்கன்னா. இருளப்பன் கணக்குல குடுக்க வழியில்ல தாயின்னேன். அப்ப என் பேரைப் போடுங்கண்ணே, ஒரு தடவை, இந்த ஒரு தடவை என் பேரைப் போடுங்கன்னா. நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். தாயி, அவன் அம்புட்டு அருமையாத் தண்ணி பாய்ச்சிக்கிட்டிருக்கான், ஒரு முறை தப்புறதில்ல, உனக்கு என்ன கொறை, நீ பாட்டுக்குச் சோத்தைத் தின்னுட்டு வீட்ல செவனேன்னு இருக்க வேண்டியதுதானேன்னேன். கையப் பார்த்துக்கிட்டே நின்னா. காய்ப்பு காய்ப்பாக் கெடந்துச்சு அவ கை. பெறகு லேசாச் சிரிச்சா தம்பி. சரிண்ணே, அப்ப அவரையே பார்த்துக்கிடச் சொல்லுங்கன்னா. சொல்லிட்டுப் போயிட்டா.

நல்ல வார்த்தைதானே அது. புருசன் பார்த்துக்கிடுவான்னு நம்பிக்கை வந்துருச்சு, அதான் இன்னைக்கு நிம்மதியாப் பஸ் ஏறிப் போறா.

என்ன இது.

தம்பி, உங்க செருப்பை எடுங்க. நனையுது பாருங்க. தண்ணி.

இப்ப எப்பிடித் தண்ணி வரும்? இன்னும் உச்சி சாயலையே. இது அவன் நேரம். நான் பேச்சு மும்முரத்துல மம்பட்டிச் சத்தத்தைக் கேட்கலையா? உங்களுக்குக் கேட்டுச்சா? நெசமாக் கேட்கலையா? சின்னக்காளை அடைச்ச தண்ணி நேரா எனக்குல்ல வருது. நடுவுல யாரும் மறிக்கல. அவன் எடுக்கல. இருளப்பன் இன்னைக்குத் தண்ணி எடுக்கல.

எந்திரிங்க. எங்கூட வாங்க தம்பி, தனியாப் போக எனக்கு என்னமோ பண்ணுது. மரத்துல சாத்தியிருக்க என் மம்பட்டிய எடுத்துக்கங்க. பார்த்து, வரப்பு ஒடியும். உச்சி வேளையில இங்க நான் வந்ததே இல்ல. அவன் செத்த அன்னைக்கு வந்ததுதான்.

இந்தா, இதான் அவன் வாமடை. போன முறை அடைச்சது அப்பிடியே இருக்கு. மண்ணு காஞ்சு வெடிச்சிருக்கு. முடிச்சும் காஞ்சு போச்சு. தொடாதீக. வயலப் பாருங்க, பொட்டுத் தண்ணி இல்ல, பயிரு சுருட்டிக்கிட்டு நிக்குது. மாப்ளே. இருளப்பா, எங்கடா போன? ஏன்டா, நான் என்ன தப்புச் செஞ்சேன்? உன் தண்ணிய நான் தொட்டேனா? ஊரு குடுத்ததையே வேணாம்னு சொன்னேனேடா.

ஒரு சத்தமும் இல்ல தம்பி. இம்புட்டு வருசமும் இங்க யாரோ இருக்கிற மாதிரியே இருக்கும். இன்னைக்கு யாரும் இல்ல. போயிட்டான். இன்னைக்குத்தான் செத்திருக்கான்.

அந்த மம்பட்டியக் குடுங்க. நானே திருப்பி விடுறேன். பயிரு என்ன பாவம் பண்ணுச்சு? அந்த அடைப்பை வெட்டு... இப்பிடி. மண்ணை வாய்க்கால்ல போடு... இந்தா போகுது பாருங்க உள்ள. போ. போ தாயி. எப்பிடி உறிஞ்சுது பாருங்க, வாயத் தொறந்துக்கிட்டுக் கெடந்திருக்கு. என் வயலுக்கு அப்புறம் வரட்டும், வராட்டிப் போகுது.

இங்க இந்தச் சேத்துல காலடி இருக்கு பாருங்க. காஞ்சு அச்சாப் பதிஞ்சிருக்கு. அவன் கால் எம்புட்டுப் பெருசு தெரியுமா, ஒம்பதாம் நம்பர் செருப்பு பத்தாது. இது பாருங்க, என் கைக்கு ஒரு சாண் அளவுதான் இருக்கு. செத்த பெறகு ஆளு ரொம்ப எளைச்சிட்டான் தம்பி.

நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். உங்க மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது, என்னமோ சொல்ல வாரீக. வேணாம். இப்ப வேணாம்.

வயல் நெறையப் போகுது. அடைக்கணும். அடைச்சு, பூசி, மேல கோரை நடணும். அடைக்கிறது என்னமோ நான் அடைச்சிருவேன். கோரையும் அந்தா கெடக்கு. அந்தக் கொண்டை முடிச்சு எப்பிடிப் போடுறதுன்னு எனக்குத் தெரியாதே. அவன் போடப் போட எத்தனை வருசம் பார்த்திருக்கேன், ஒரு நாளும் கத்துக்கிடணும்னு தோணல.

பஞ்சவர்ணத்துக்குத் தெரிஞ்சிருக்கும். கேட்கலாம்னா, அவளும் இன்னைக்குப் பார்த்து ஊரை விட்டுப் போயிட்டா.